டிராஃப்ட் இரவுக்கு முன்பே முடிந்துவிடும் தெரிவுகள்

அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்கான ஏ.எஃப்.எல்., இளம் வீரர்களைக் கழகங்கள் வரிசைப்படி தெரிவு செய்யும் டிராஃப்டை நடத்துகிறது. அது நியாயமானதா என்று மெல்பேர்ணில் யாரைக் கேட்டாலும் கழகங்களைப் பற்றிய பதில்தான் வரும். பிரிஸ்பேனுக்கு ஆஷ்குரொஃப்ட் சகோதரர்களில் இரண்டாமவனும் எப்படிக் கிடைத்தான், கோல்ட் கோஸ்ட் ஒரே ஆண்டில் நான்கு பேரை எப்படி அள்ளிக்கொண்டது, கொலிங்வுட் கொடுத்த விலை போதுமா என்று சூடாகப் பேசுவார்கள். தெரிவு செய்யப்படும் பிள்ளைக்கு, அதைவிட முக்கியமாகத் தெரிவு செய்யப்படாத பிள்ளைக்கு, இந்த ஏற்பாடு நியாயமாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

என் மகன் ஒஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சித் திட்டப் பருவத்திலிருந்து அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் ஆடுகிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அந்த நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதே முதலில் பிடிபடவில்லை. பிறகு அவனுடைய அணிக்கு மேலாளரானேன். கால்நேர (ஆட்டத்தின் நான்கில் ஒரு பகுதி) இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவது, கோல் நடுவருக்கு ஆள் பிடிப்பது, பிராந்தியத் தெரிவுகளுக்குப் பெயர் அனுப்புவது எல்லாம் என் வேலை. எங்கள் புறநகர் நகர மையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது; தனியார் பாடசாலைகளும் கிட்டத்தில் இல்லை. பெயர் அனுப்பும் வேலையைச் செய்யும்போதுதான் யார் மேலே போகிறார்கள், யார் நின்றுவிடுகிறார்கள் என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தேன். நவம்பரில் தொலைக்காட்சியில் காட்டப்படும் டிராஃப்ட் இரவுக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலான முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. இந்தப் பாதையில் பிள்ளையை விடப்போகும் தமிழ்ப் பெற்றோருக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் டிராஃப்டின் அமைப்பு. பின்னர் ஏ.எஃப்.எல். ஆன அன்றைய வி.எஃப்.எல். தன் முதல் தேசிய டிராஃப்டை 1986-இல் நடத்தியது. பருவத்தில் கடைசி இடத்துக்கு வந்த கழகம் முதலில் தெரிவு செய்யும். கிண்ணம் வென்ற கழகம் கடைசியில் தெரிவு செய்யும். சம்பள உச்சவரம்பும் இதே காலத்தில்தான் வந்தது. பணமுள்ள கழகங்கள் நல்ல வீரர்களை வாங்கிக் குவிப்பதைத் தடுப்பதே இரண்டுக்கும் நோக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயதை எட்டும் பிள்ளை டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறான். எந்த நகரத்தில் வாழப்போகிறான் என்பதில் அவனுக்குச் சொல் இல்லை. பேர்த்தில் வளர்ந்தவனைச் சிட்னி அழைத்தால் சிட்னிக்குத்தான் போக வேண்டும். 18 கழகங்களும் ஓரளவு சம பலத்தோடு மோத வேண்டும் என்பதற்காகப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் வீட்டையும் ஊரையும் விட்டுக்கொடுக்கிறார்கள். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய விலையைப் பிள்ளைகளிடம் கேட்கும் ஓர் அமைப்பு, தன் விதிகளில் கழகங்களுக்கு எத்தனை சலுகை கொடுக்கிறது என்று பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தந்தை–மகன் விதி 1949-இலிருந்து இருக்கிறது. இன்றைய வடிவத்தில், தந்தை ஒரு கழகத்துக்காக 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கழகத்துக்கு முன்னுரிமை உண்டு. வேறொரு கழகம் அந்தப் பையனின் பெயரைச் சொன்னதும், உரிமையுள்ள கழகம் அதற்கு ஈடான புள்ளிகளைக் கொடுத்து அவனை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு; முதல் தெரிவின் மதிப்பு 3000 புள்ளிகள். 2015-இல் இந்தப் புள்ளி முறை வந்தபோது, முதல் சுற்றில் ஈடு கொடுப்பவர்களுக்கு 20 சதவீதக் கழிவும் (விலைத் தள்ளுபடி) சேர்ந்தே வந்தது. பின்வரிசைத் தெரிவுகள் பலவற்றை ஒன்றாகக் கட்டிக் கொடுத்து, நாட்டின் மிகச் சிறந்த இளைஞன் ஒருவனைக் கழிவு விலையில் எடுக்க முடிந்தது. பீட்டர் டேகொஸின் மகன் நிக் டேகொஸ் 2021-இல் நான்காவது தெரிவாகக் கொலிங்வுட்டுக்குப் போனான். மார்க்கஸ் ஆஷ்குரொஃப்டின் மகன்கள் வில் 2022-இல் இரண்டாவது தெரிவாகவும், லீவை 2024-இல் ஐந்தாவது தெரிவாகவும் பிரிஸ்பேனுக்குப் போனார்கள். பிரிஸ்பேன் 2024-இலும் 2025-இலும் கிண்ணம் வென்றது. இரண்டு இறுதியாட்டங்களிலும் சிறந்த வீரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கத்தை வில் ஆஷ்குரொஃப்ட் பெற்றான். 2025 டிராஃப்டிலிருந்து கழிவு 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

தந்தை–மகன் விதியை முழுதாக ஒழிக்கச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அப்பா அணிந்த அதே இலக்கத்தை மகன் அணிவதைப் பார்ப்பதில் இந்த விளையாட்டின் உயிர் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உரிமை கிடைப்பதே பெரிய சலுகை. அதற்கு மேல் கழிவு எதற்கு?

வடக்கு அகாடமிகளைப் பற்றி என் கருத்து வேறு. சிட்னி, பெரும் மேற்குச் சிட்னி, பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் ஆகிய நான்கு கழகங்களும் 2010 அளவில் தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அகாடமிகளைத் தொடங்கின. அங்கே வளர்ந்தவனையும் தந்தை–மகன் விதியைப் போலவே ஈடு கொடுத்து எடுக்க அந்தக் கழகத்துக்கு முன்னுரிமை உண்டு. அது ரக்பி லீக்கின் நிலம். அங்கே ஒரு பத்து வயதுப் பையனை இந்த விளையாட்டுக்கு இழுத்து வருவது பெரிய வேலை. 2023-இல் கோல்ட் கோஸ்ட் தன் அகாடமியிலிருந்து ஜெட் வோல்டர், ஈதன் ரீட், ஜேக் ரொஜர்ஸ், வில் கிரகம் ஆகிய நால்வரையும் முதல் சுற்றிலேயே எடுத்தபோது தெற்கில் ஒரே கூச்சல். அந்த அகாடமி இல்லாவிட்டால் அப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் இந்தப் பந்தையே தொட்டிருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எங்கள் வீடுகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது அடுத்த தலைமுறை அகாடமி. 2016-இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும், ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த தாய் அல்லது தந்தையைக் கொண்ட பிள்ளைகளுக்கும் உரியது. இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்த தமிழரின் பிள்ளை இதற்குள் வருகிறான். என்னோடு ஓரத்தில் நிற்கும் தமிழ், பஞ்சாபிப் பெற்றோர் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை. யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தால் வயது போய்விடும்.

இந்த அகாடமியின் விதி எப்படி மாறியது என்று பாருங்கள். வர்ணாம்பூலுக்கு அருகிலுள்ள ஃபிராம்லிங்ஹம் ஊரைச் சேர்ந்த பூர்வகுடி இளைஞன் ஜமாரா ஊகல்-ஹேகன் 2020-இல் முதலாவது தெரிவாக வெஸ்டர்ன் புல்டோக்ஸுக்குப் போனான். அந்தப் பருவத்தில் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்திருந்த ஒரு கழகம் நாட்டின் முதல் வீரனை எடுத்தது என்று மற்றக் கழகங்கள் கொதித்தன. 2021-இல் முதல் 20 தெரிவுகளுக்குள் அகாடமிக் கழகம் ஈடு கொடுக்க முடியாது என்று விதி மாறியது. தெற்குச் சூடானியக் குடும்பத்துப் பிள்ளையான மக் அன்ட்ரூ மெல்பேர்ண் கழகத்தின் அகாடமியில் வளர்ந்தவன். அந்த ஆண்டு ஐந்தாவது தெரிவாகக் கோல்ட் கோஸ்ட் அவனை எடுத்தது. மெல்பேர்ணால் எதுவும் செய்ய முடியவில்லை. 2022-இல் அந்தத் தடை முதல் 40 தெரிவுகளாக விரிந்தது. 2024-இல் தடையே நீக்கப்பட்டது. ஆக 2002-இல் பிறந்த பிள்ளைக்கு ஒரு விதி, 2003-இல் பிறந்தவனுக்கு வேறொன்று, 2004-இல் பிறந்தவனுக்கு மூன்றாவது, 2006-இல் பிறந்தவனுக்கு மறுபடியும் பழையது. ஒரு குடும்பம் எப்படித் திட்டமிடும்? தடை இருந்த காலத்தில் தன் அகாடமியின் மிகத் திறமையான பிள்ளைக்காகச் செலவழிக்கக் கழகங்களுக்கு என்ன காரணம் இருந்தது? அவனை நன்றாக வளர்த்தால் இழந்துவிடுவோம் என்ற நிலையை யார் விரும்புவார்கள்? விதி மாறினால் அதன் விலையைக் கழகத்துக்கு முன்பே பிள்ளை கொடுத்துவிடுகிறான்.

ஆகவே பெற்றோருக்கு என் முதல் வேண்டுகோள்: பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே உங்கள் வட்டாரம் எந்தக் கழகத்துக்கு உரியது என்று விசாரியுங்கள். தகுதிக்கான ஆவணங்கள் எவை, அந்த வட்டாரத்தில் எவ்வளவு காலம் வசித்திருக்க வேண்டும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வீடு மாறப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே கேளுங்கள். அகாடமிச் சட்டையைப் போட்டதும் டிராஃப்டுக்குள் போய்விட்டதாகப் பிள்ளை நினைப்பான். அந்த நினைப்பை மெல்ல ஆனால் தெளிவாகத் திருத்துங்கள். அகாடமியில் இருக்கும் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் ஒருபோதும் எடுக்கப்படுவதில்லை. நல்ல பயிற்றுவிப்பாளர், நல்ல உணவுப் பழக்கம், தன்னைப் போன்ற முகங்கள் சில. அகாடமி நிச்சயமாகத் தருவது இவற்றைத்தான், அதுவே பெறுமதியானது.

இனிப் பிறந்த மாதம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

சிறுவர் உதைபந்தாட்டத்தில் வயது ஜனவரி 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. என் மகன் அக்டோபர் இறுதியில் பிறந்தவன். அதே அணியில் ஜனவரியில் பிறந்த பையன் அவனைவிட ஒன்பது மாதங்களுக்கு மேல் மூத்தவன். பதினான்கு வயதில் ஒன்பது மாதம் என்பது குரல் உடைந்தவனுக்கும் உடையாதவனுக்கும் இடையிலுள்ள தூரம். மூத்தவன் பந்தை எட்டிப் பிடிக்கிறான். ஆகவே நடுக்களத்தில் நிறுத்தப்படுகிறான். ஆகவே அதிகம் பந்தைத் தொடுகிறான். ஆகவே பிராந்திய அணிக்குப் பெயர் போகிறது. அங்கே இன்னும் நல்ல பயிற்சி கிடைக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அவன் உண்மையிலேயே திறமையானவனாகிவிடுகிறான். தொடக்கத்தில் இருந்தது வெறும் மாதக்கணக்கு என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் கழகத்திலிருந்து பிராந்தியத்துக்குப் போன பெயர்களைப் பின்னோக்கிப் பார்த்தேன். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே நிறைந்திருந்தார்கள். உலகெங்கும் பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் கண்ட அதே சாய்வுதான் இது, ஏ.எஃப்.எல். அதற்கு விலக்கு இல்லை.

என் மகன் பதினைந்து வயதில் பிராந்தியக் குழுவுக்குள் போனான். பதினாறு வயதில் வெளியே விடப்பட்டான். ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. “அம்மா, நான் எதைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம்தானே?” என்று கேட்டான். கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. பதினேழு வயதுக்குப் பிறகு அவன் வளர்ந்த வேகத்தில் காற்சட்டைகளை மாற்றி மாற்றி வாங்க வேண்டியிருந்தது. அப்போது எந்தத் தெரிவாளரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பிந்திப் பிறந்த, பிந்தி வளரும் பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்வது: உயரத்தை எண்ணி ஏங்குவதில் பயனில்லை, அந்த ஆண்டுகளில் பிள்ளை வேறு எதைச் சேர்க்கிறான் என்று பாருங்கள். இரண்டு கால்களாலும் உதைக்கப் பழகியவன் வளர்ந்த பிறகும் அதை இழப்பதில்லை. உயரமான பையன் தலைக்கு மேல் பந்தைப் பிடித்தே ஆட்டத்தை ஓட்டிவிடலாம். சிறியவன் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே படிக்க வேண்டியிருக்கும். கலெப் டானியலின் உயரம் 168 செ.மீ. 2014-இல் 46-ஆவது தெரிவாகத்தான் எடுத்தார்கள். 2016-இல் வெஸ்டர்ன் புல்டோக்ஸ் கிண்ணம் வென்ற அணியில் அவன் இருந்தான். ஒரே ஒருவனை உதாரணம் காட்டி எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை; அவனைப் போன்றவர்கள் எத்தனை பேர் பதினாறு வயதில் விளையாட்டையே விட்டுப் போயிருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

பயிற்றுவிப்பாளரிடம் ஒரு கேள்வியைத் துணிந்து கேளுங்கள்: என் பிள்ளையை ஏன் எப்போதும் பேக் பொக்கெட்டில் நிறுத்துகிறீர்கள்? சிறிய பிள்ளைகளைப் பின்வரிசை மூலையில் நிறுத்துவது பழக்கத்தால் நடப்பது; கெட்ட எண்ணம் இருப்பது அரிது. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிப்பார்கள். எங்கள் அணியில் பதினான்கு வயது வரை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கால்நேரம் நடுக்களத்தில் ஆட வேண்டும் என்று முடிவு செய்தோம். சில ஆட்டங்களில் தோற்றோம். சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். நான் மறுபடியும் அதையே செய்வேன்.

பணத்தையும் பயணத்தையும் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. விக்டோரியாவில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான முதன்மைப் பாதை டேலண்ட் லீக், 1992-இல் தொடங்கியது; முன்பு டி.ஏ.சி. கிண்ணம் என்று அழைக்கப்பட்டது. நகரத்திலும் கிராமத்திலுமாகப் பன்னிரண்டு விக்டோரிய அணிகள், கூடவே டாஸ்மேனியா. அதற்குள் போவதற்கு முன்பே மாலைப் பயிற்சிகள், குளிர்கால இரவுப் பயணங்கள், சப்பாத்து, உடற்பயிற்சியாளர், பிசியோ என்று செலவு தொடங்கிவிடும். மாலை ஐந்தரைக்குப் பயிற்சி என்றால், தொழிற்சாலையில் பின்னேர முறை வேலை செய்யும் தகப்பனின் பிள்ளை எப்படிப் போவான்? எங்கள் அணியில் மிகத் திறமையான பையன் ஒருவன் வாகனம் இல்லாத வீட்டிலிருந்து வந்தான். இரண்டு பயிற்சிகளைத் தவறவிட்டதும் அவனுக்கு ஆர்வம் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து கார்ப் பட்டியல் ஒன்று போட்டோம். கட்டணம் கட்ட முடியாவிட்டால் கழகத்தின் பொருளாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெரும்பாலான உள்ளூர்க் கழகங்களில் தவணைக்கோ தள்ளுபடிக்கோ வழி இருக்கும், யாருக்கும் தெரியாமல் செய்து தருவார்கள்.

பாடசாலை இன்னொரு வாசல். மெல்பேர்ணின் பெரிய தனியார் பாடசாலைகளுக்குச் சொந்த மைதானங்களும், உடற்பயிற்சிக் கூடங்களும், முன்னாள் ஏ.எஃப்.எல். வீரர்களான பயிற்றுவிப்பாளர்களும் உண்டு. டிராஃப்டில் எடுக்கப்படும் விக்டோரியப் பையன்களில் பெரும்பங்கினர் அங்கிருந்து வருகிறார்கள். எல்லோரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. பலர் உதவித்தொகையில் கொண்டுவரப்பட்டவர்கள். ஊகல்-ஹேகனும் ஸ்கொட்ச் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தவன்தான். உதவித்தொகை வந்தால் மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்திடுவதற்கு முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு ஆட முடியாமல் போனால் உதவித்தொகை தொடருமா? சீருடை, முகாம், மடிக்கணினி, பயணம் எல்லாம் அதில் அடக்கமா? பதினோராம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்குப் பாடத்தில் யார் துணை நிற்பார்கள்? பாடசாலை ஆட்டமும் டேலண்ட் லீக் ஆட்டமும் மோதினால் எது முன்னுரிமை? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்றாவது கேள்வியைக் கேட்டதாலேயே வந்த வாய்ப்பை விட்டுவிட்டது. அந்தப் பையன் அரசப் பாடசாலையிலேயே படித்து இன்று தாதியர் பட்டப் படிப்பில் இருக்கிறான், ஞாயிறுகளில் ஆடுகிறான்.

அரசப் பாடசாலைப் பிள்ளையைப் பார்க்கத் தெரிவாளர்கள் வருவது அரிது என்பதால், அவன் ஆட்டத்தைப் படம்பிடித்து வையுங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். பந்து இல்லாதபோது அவன் எங்கே ஓடுகிறான் என்பதும் தெரிய வேண்டும். உயரமான இடத்திலிருந்து, களம் முழுதும் விழும்படி, ஒரு கால்நேரம் முழுவதும் எடுத்தால் போதும். 20 மீற்றர் ஓட்டம், செங்குத்துத் தாவல், வளைந்தோடும் சோதனை, 2 கிலோமீற்றர் ஓட்டம் ஆகியவை டிராஃப்ட் சோதனை முகாமில் இருப்பவை. 2 கிலோமீற்றருக்கு எந்த உபகரணமும் வேண்டாம். பக்கத்துப் பூங்காவில் நேரம் பார்த்து ஓடலாம்.

வெளியே விடப்பட்ட பிள்ளைக்கு என்ன சொல்வது? பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது. அதே நேரம் கதவு பூட்டப்பட்டுவிட்டது என்பதும் உண்மையல்ல. டொம் ஸ்டூவர்ட் 23 வயதில், 2016-இல், 40-ஆவது தெரிவாக ஜீலோங்குக்குப் போனான். டிம் கெலியும் 23 வயதில், 2017-இல், 24-ஆவது தெரிவாக அதே கழகத்துக்குப் போனான். நடுப்பருவ டிராஃப்ட் 2019-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது ரிச்மண்ட் எடுத்த மார்லியன் பிக்கெட்டுக்கு வயது 27. சிறையிலிருந்து மீண்டு சவுத் ஃபிரிமான்டிலில் ஆடிக்கொண்டிருந்தவன். அவனது முதல் ஏ.எஃப்.எல். ஆட்டமே அந்த ஆண்டின் இறுதியாட்டம். இந்தப் பெயர்களை என் மகனிடம் சொன்னேன். அவன் இப்போது உள்ளூர்ச் சீனியர் அணியில் ஆடுகிறான், பொறியியல் படிக்கிறான். ஏ.எஃப்.எல். பற்றி வீட்டில் பேசுவதில்லை. ஆனால் செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்குப் போகத் தவறுவதில்லை. மனம் உடைந்த முதல் குளிர்காலத்தில் அவனை மீட்டது பழைய அணித் தோழர்கள். ஆகையால் மேல்நிலைக் குழுவுக்குப் போகும் பிள்ளையை உள்ளூர்க் கழகத்திலிருந்து முற்றாகப் பிரித்துவிடாதீர்கள். ஆட முடியாத வாரத்திலும் போய் ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

மேலே இருப்பவர்கள் மாற்ற வேண்டியவை பெரியவை: கழிவு முற்றாக நீங்க வேண்டும், அகாடமி விதியை மாற்றுவதானால் அப்போது பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளைகளிலிருந்து மட்டுமே அது செல்லுபடியாக வேண்டும், பிராந்தியக் குழுவிலிருந்து விடப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் காரணம் கொடுக்கப்பட வேண்டும். இவை என் கையில் இல்லை. கையில் இருந்ததை இந்தப் பருவத்தில் செய்தோம். பிராந்தியத்துக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த மாதத்தையும் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதினோம். ஜூலைக்குப் பின் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பயிற்றுவிப்பாளர் கூட்டத்தில் எண்ணிப் பார்த்த பிறகே பட்டியலை மூடினோம். முதல் வரைவில் இல்லாத இரண்டு பெயர்கள் அதனால் சேர்ந்தன. வாகனம் இல்லாத குடும்பங்களுக்காக இரண்டாவது தெரிவு நாள் ஒன்றை எங்கள் பக்கத்து மைதானத்தில் வைக்கும்படி பிராந்தியத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். அயலிலுள்ள வேறு சில கழகங்களும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. அடுத்த பருவத்தின் தெரிவு அட்டவணை வெளிவருவதற்கு முன் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.